இரண்டு ஹால் டிக்கெட்

"ரெண்டு டிக்கெட்தான்டி கெடச்சுச்சு" என்றாள் ஒச்சம்மா. சொல்லிவிட்டு, தோளில் தொங்கிய பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

தமிழரசி மாமியாரைப் பார்க்கவில்லை. போட்டைப் பார்த்தாள். அந்தமானில், லாங் ஐலண்ட் படகு ஜெட்டியில் போர்ட் பிளேர் போட் கட்டிக் கிடந்தது. மேல்தளத்து பெஞ்சில் அவள் புருஷன் அன்பழகன் ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தான். முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அந்தப் பக்கம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர்தான்.

"மூணு பேருக்குத்தானே அத்தை லைன்ல நின்னீங்க?"

"நின்னேன். கவுண்டர்ல இல்லைன்ட்டாய்ங்க. நான் என்னா, கப்பலையா செஞ்சு கொண்டார முடியும்?"

"ரெண்டுன்னா நானும் அவரும்ல போகணும். பரீட்சை எங்களுக்கு."

"அவன் பரீட்சை எழுதுவான். நான் சுதா வீட்டுல அவனுக்குப் பொங்கிப் போடுவேன். நீ அடுத்த தடவ எழுதிக்க."

"அடுத்த தடவை எனக்கு வயசு தாண்டிரும்."

"தாண்டட்டும்" என்றாள் ஒச்சம்மா. பலகையில் கால் வைத்து, பைக்குள் கருவாட்டு வாசம் கமகமக்க, படகுக்குள் ஏறிப் போனாள்.

போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் இருக்கும் மகள் சுதாவுக்கு என்று கருவாடு, தேங்காய், மகனுக்கு வழியில் சாப்பிடப் புளிச்சோறு எல்லாம் அந்தப் பையில் இருந்தன. மருமகளுக்கு மட்டும் இடம் இல்லை.

நாளைக் காலையில் போர்ட் பிளேரில் இலாகாப் பரீட்சை. காட்டிலாகாவில் தினக்கூலி மஸ்தூராக இத்தனை வருஷம் உழைத்தவர்கள் எழுதித் தேறினால் கிளார்க் நாற்காலி. அன்பழகனும் எழுதலாம், தமிழரசியும் எழுதலாம். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சேர்ந்த இடத்தில்தான் கல்யாணமும் முடிவானது.

பரீட்சையில் கணக்கு ஒரு தொல்லையில்லை. ஆளைக் கவிழ்ப்பது இங்கிலீஷ். அடையாளம் எதுவும் போடாமல் ஒரு பத்தியைக் கொடுப்பார்கள். எங்கே கமா, எங்கே ஃபுல்ஸ்டாப், எங்கே கேள்விக்குறி, எந்த எழுத்து பெரிய எழுத்து என்று நாம் போட வேண்டும். அப்புறம் வினைச்சொல்லை மாற்று, வாக்கியத்தைத் திருப்பிப் போடு என்று வரிசையாக வரும்.

லாங் ஐலண்ட் பள்ளிக்கூடத்து ஸ்ரீதர் சார்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்தூர்களுக்கு வகுப்பு எடுத்தார். அவர் தெலுங்குக்காரர். இந்தியில் பாடம் நடத்தினார். வகுப்பில் பெங்காலி, ராஞ்சிக்காரர், மலையாளி எல்லாரும் இருந்ததால் வேறு வழியில்லை. தெலுங்குக்காரர் இந்தியில் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷை இவர்கள் தமிழில் யோசித்து எழுதினார்கள்.

படிக்க நேரம் ஏது? நர்சரியில் பாலிதீன் பைக்கு மண் நிரப்பும்போதுதான் புருஷனும் பெண்டாட்டியும் படித்தார்கள். ஒருவர் வாக்கியத்தை வாயால் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதைத் திருப்பிச் சொல்லி அடையாளம் போட வேண்டும். கை முழுக்கச் சாணி மண், பென்சிலை எங்கே பிடிப்பது? அதனால் அவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கமாவுக்கு நாக்கைத் தட்டி ஒரு 'டக்'. ஃபுல்ஸ்டாப்புக்கு மண் நிரம்பிய பையைத் தரையில் ஒரு குத்து. கேள்விக்குறிக்குப் புருவம். 'டக்', 'டக்', 'தொம்' என்று நர்சரி முழுக்கக் கேட்கும். மற்றவர்கள் சிரிப்பார்கள். அன்பழகன் அதற்கெல்லாம் அசரமாட்டான். சில சமயம் ஃபுல்ஸ்டாப் குத்தில் பை பிளந்து மண் கொட்டும். அப்போது அவனும் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு போன வாரம் நின்றது.

ஃபாரஸ்டர் பாலகுமார் மாதிரிப் பரீட்சை வைத்தார். திருத்திய தாள்களை டீக்கடை முன்னால் நின்று மார்க்கோடு வாசித்தார். தமிழரசி முதலில், அன்பழகன் கடைசியில். "அரே அன்பு, இனிமே வீட்ல மேடம்கிட்ட பர்மிஷன் வாங்கித்தான்டா நீ வாயத் தொறக்கணும்" என்றார். கூட்டம் சிரித்தது. தமிழரசியும் சிரித்துவிட்டாள். சிரிக்க வேண்டும் என்று சிரிக்கவில்லை, வந்துவிட்டது. அன்பழகன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து நர்சரியில் அவன் தனி வரிசையில் மண் நிரப்பினான். 'டக்'கும் இல்லை, 'தொம்'மும் இல்லை.

இப்போது போட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

தமிழரசி நேராக டிக்கெட் கவுண்டருக்குப் போனாள். ராஜமாணிக்கம் ஜன்னல் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து எங்க அத்தை வந்தப்போ ரெண்டு டிக்கெட்தான் இருந்துச்சா?"

"யாரு சொன்னா? நாலஞ்சு இருந்துச்சே. மூணு பேரு போட்டுக் குடுத்த ஃபாரத்துல ஒண்ணை அடிச்சுட்டு, ரெண்டு போதும்னாங்க. ஏம்மா, நீ போகலியா?"

"இப்ப ஒண்ணு இருக்கா?"

"காலையிலேயே பெங்காலி பார்ட்டி வாங்கிட்டுப் போயிருச்சு. ஒண்ணும் இல்லைம்மா."

போட் ஊதியது. கயிற்றை அவிழ்த்தார்கள். ஒச்சம்மா மகன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

தமிழரசி அழவில்லை. அழுதுகொண்டிருந்தால் பக்கத்துத் தீவில் எரட்டாவுக்குப் போகும் படகு போய்விடும். எரட்டா ஜெட்டியில் இறங்கினால் ரங்கத் பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான். அங்கிருந்து போர்ட் பிளேருக்குத் தரைவழியாக பஸ் உண்டு. பாதி நாள் இடுப்பு ஒடியும், வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸோடு கடலைத் தாண்ட வேண்டும், அப்புறம் ஜாரவா பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் போலீஸ் ஜீப்புக்குப் பின்னால் வரிசையாகக் கான்வாய். கடைசிக் கான்வாய்க்கு கேட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தால் இன்றைக்குள் போர்ட் பிளேர். சேராவிட்டால் கேட்டுக்கு இந்தப் பக்கமே இரவு, பரீட்சை அந்தப் பக்கம்.

எரட்டா படகில் மீன் கூடைகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. சேலை நுனி நனையாமல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஸ்ரீதர் சார் கொடுத்த கடைசி மாதிரித்தாளை எடுக்கலாம் என்று கைப்பையைத் திறந்தாள்.

தாளுக்கு மேலே பிளாஸ்டிக் உறை. உறைக்குள் அவளுடைய ஹால் டிக்கெட். அதன் பின்னால் இன்னொன்று.

அன்பழகனுடையது.

அவன் போட்டோ, ரேஞ்ச் ஆபீஸர் கையெழுத்து, மேலே பாதி அழிந்த சீல். நகலும் கிடையாது, செல்போனில் எடுத்துக் காட்டவும் முடியாது. இது இல்லாமல் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அந்த வீட்டில் ரேஷன் கார்டு, தீவு அடையாளக் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாமே தமிழரசியின் கைப்பையில்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அன்பழகன் ஒரு காகிதத்தையும் சுமந்ததில்லை. அவளை விட்டுவிட்டுப் போக மாமியார் யோசித்தாள். கருவாட்டை மறக்கவில்லை. இதை யோசிக்கவில்லை.

தமிழரசிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த மீன்காரி, "க்யா ஹுவா, தீதி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். போன வாரச் சிரிப்பு ஞாபகம் வந்ததும் இந்தச் சிரிப்பும் அடங்கிவிட்டது.

ரங்கத்தில் பஸ் கிளம்பும் நேரம். கண்டக்டர் ஐயாவு விழுப்புரத்துக்காரர், வாய் ஓயாத மனுஷன்.

"இன்னாம்மா, பையில புஸ்தகம்லாம் தெரியுது, ஸ்கூலுக்குப் போறியா?"

"பரீட்சைக்குண்ணே. கடைசிக் கான்வாயைப் புடிச்சிருவோமா?"

"டிரைவர் சாய் குடிக்க எறங்கலன்னா புடிக்கலாம். எறங்குனான்னா அல்லாரும் கேட்ல படுத்துத் தூங்க வேண்டியதுதான். முன்னால போய் உக்காரு."

முன் சீட்டில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தாள். அடையாளமே இல்லாத ஒரு பத்தி. எந்த எழுத்தும் பெரிதில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரே ஓட்டமாக ஓடியது. பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் பென்சில் நுனி எங்கோ போய்க் குத்தியது. அவள் பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு வாய்க்குள் படித்தாள். தன்னையறியாமல் நாக்கு 'டக்' என்றது. வாக்கியம் முடிந்த இடத்தில் குதிகாலால் பஸ் தரையில் ஒரு குத்து.

"இன்னாம்மா, பிரேக் போடுறியா?" என்றார் ஐயாவு.

கதம்தலா தாண்டும்போது போன் அடித்தது. ஒச்சம்மா.

"ஏய், அவன் ஆல் டிக்கெட்டு ஒங்கிட்டயா இருக்கு?"

"என்கிட்டதான் இருக்கு."

"ஆத்தே! போட்டுலேர்ந்து எறங்கிப் பைய கொட்டிக் கவுத்துத் தேடிக்கிட்டு இருக்கோம்டி. நீ எங்கிட்டு இருக்க, லாங் ஐலண்டுலயா?"

"பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன்."

ஒச்சம்மாவின் குரல் இறங்கி வந்தது. "சரி, நல்லதாப் போச்சு. அதை டிரைவர் கையில குடுத்துவிட்டுட்டு, நீ அங்கனயே எறங்கி வீட்டுக்குத் திரும்பு. நாங்க பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கிர்றோம்."

"நான் எறங்க மாட்டேன் அத்தை. நாலஞ்சு டிக்கெட் இருந்துச்சுன்னு ராஜமாணிக்கம் அண்ணன் சொன்னாரு. எதுக்கு ரெண்டு போதும்னீங்க?"

"எதுக்கா? பொம்பள மேசையில உக்காந்து கையெழுத்துப் போட்டு, புருஷன் அவளுக்கு முன்னாடி மண்ணுச் சட்டி சுமந்தா, அந்தக் குடும்பம் வெளங்குமாடி? ஊரு சிரிச்சப்ப நீயுந்தானே கூடச் சேந்து சிரிச்ச? எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத."

"சிரிச்சது தப்புதான். அதுக்காகப் பரீட்சையை விட்டுர முடியாது. போனை அவர்கிட்டக் குடுங்க."

"அவன் பேச மாட்டான்."

"அப்போ டிக்கெட்டும் வராது."

போன் கை மாறியது. அன்பழகன் இருமினான். சங்கடமாக இருந்தால் அவனுக்கு இருமல்தான் முதலில் வரும்.

"தமிழு, அம்மாவைத் திட்டாத."

"திட்டலியே. கேள்விதான் கேட்டேன்."

"ரெண்டு போதும்னு சொல்லச் சொன்னது நான்தான்."

பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. தமிழரசி முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் செய்தாள் என்றால் மாமியார் என்று ஒரு வாய் திட்டிவிட்டுப் போகலாம். கூட மண் அள்ளியவன் செய்தால் என்ன சொல்வது?

"ஏன்?"

"ஒரே ஹால்ல ரெண்டு பேரும் உக்காந்து, நீ பாஸ் ஆகி நான் ஃபெயில் ஆனா…" அவன் முடிக்கவில்லை. "நீ வரலைன்னா நான் ஃபெயில் ஆனாலும் பரவாயில்லைன்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

"நல்லா இருக்கே. நீங்க தோக்குறது பரவாயில்ல, நான் ஜெயிக்கிறதுதான் ஆகாது."

அவன் மறுபடி இருமினான்.

"அட்டைக்கடி பட்டு, ரெண்டு பேரும் ஒரே உப்பைத்தான தடவிக்கிட்டோம்? ஒரே ட்ரெஞ்சுலதான நின்னோம்? அப்பல்லாம் நான் கூட இருந்தது ஆகுச்சு, ஹால்ல கூட இருந்தா மட்டும் ஆகலியா?"

"தமிழு…"

"சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுக்கு நீங்க வாங்க. அத்தையை அனுப்பாதீங்க. என் மூஞ்சியைப் பாத்து வாங்கிக்கங்க."

"சரி" என்றான். போன் அறுந்தது.

இரண்டாவது கடல் தாண்டும் இடத்தில் பஸ், லாரிகளோடு சேர்ந்து மிதவைக் கப்பலில் ஏறியது. எல்லாரும் இறங்கி ஓரத்தில் நின்றார்கள். தமிழரசி உறையிலிருந்து அன்பழகனின் ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். போட்டோவில் தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரி, கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தான். அவள்தான் வாரிவிட்டாள்.

கீழே பச்சைத் தண்ணீர் நுரைத்தது. கையை விட்டால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை, காற்றில் பறந்துவிட்டது என்று சொல்லலாம். இந்த யோசனை வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. நன்றாகவே வந்தது. அவள் காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்து, உறையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். தீர்மானம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்தவன் நட்ட நாற்றைப் பிடுங்கி அவளுக்குப் பழக்கமில்லை.

டிரைவர் சாய்க்கு இறங்கினான். ஐயாவு அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். "பரீட்சைக்காரப் பொண்ணு இருக்குதுடா வண்டியில! கேட்டுக்கு அந்தாண்ட போயி அண்டா அண்டாவாக் குடி!"

கேட்டில் போலீஸ் ஜீப் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வரிசையின் வாலில் இவர்கள் பஸ்ஸும் சேர்ந்தது. பின்னாலேயே கட்டையை இறக்கிவிட்டார்கள். ஜாரவா காட்டுக்குள் வண்டி நிற்கக்கூடாது, போனிலும் சிக்னல் கிடையாது. தமிழரசி ஜன்னலைச் சாத்திவிட்டு அந்தப் பத்தியையே மறுபடி மறுபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். காடு முடிவதற்குள் பத்தியில் அவளுக்குச் சந்தேகம் என்று ஒரு இடமும் மிச்சமில்லை.

போர்ட் பிளேர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது விளக்கு போட்டுவிட்டார்கள். அந்தி சீக்கிரம் விழும் ஊர்.

அன்பழகனைக் காணோம். ஒச்சம்மாதான் நின்றாள். காலையில் இருந்த தெம்பு அவள் முகத்தில் இல்லை.

"அவர் எங்க?"

"ஒங்கூட வரலியா?" என்றாள் ஒச்சம்மா.

"நான் லாங் ஐலண்டுலேர்ந்து வர்றேன் அத்தை. என்கூட எப்படி வருவாரு?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானடி அப்பவே கெளம்புனான். சோறுகூடத் திங்கல. போன அடிச்சா எடுக்க மாட்டேங்கான். நான் இங்கிட்டும் அங்கிட்டும் எத்தன தடவ நடந்துட்டேன் தெரியுமா?" அவள் தமிழரசியின் முழங்கையைப் பிடித்தாள். "நீ அடி. நீ அடிச்சா எடுப்பான்."

"காலையில எனக்கு டிக்கெட் எடுக்க மனசு வரல, இப்ப என் போன் வேணுமா?"

"திட்டுறதெல்லாம் அப்பறமாத் திட்டுடி. நின்னு கேட்டுக்கிர்றேன். இப்ப அடி."

தமிழரசி போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. அவன்தான்.

காதில் வைத்தாள். மூச்சு கேட்டது. இருமினான்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன். ஹால் டிக்கெட் என்கிட்டதான் இருக்கு. பத்திரமா இருக்கு."

"அதுல சீட்டு எப்படிப் போட்டிருக்கு?"

"நம்பர் வரிசையில. எனக்கு அடுத்தது நீங்க."

"பின்னாடியா?"

"பின்னாடிதான்."

அவன் கேட்டான்: "மூணு மணி நேரம் உன் முதுகைப் பாத்துக்கிட்டு நான் எப்படித் தமிழு எழுதுறது?"

"பேப்பரைப் பாத்து எழுதுங்க."

அவன் சிரித்தானா, அழுதானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. சத்தம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதற்குப் பின்னால், காதை அடைக்கிற மாதிரி, கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. சின்னப் போட்டின் ஊதல் இல்லை அது. மெயின்லேண்ட் போகிற பெரிய கப்பலுக்குத்தான் அவ்வளவு தொண்டை.

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

போன் அறுந்தது. திரும்ப அடித்தாள். அணைத்து வைத்திருந்தான்.

"என்னாடி சொன்னான்? எங்கிட்டு இருக்கான்?" ஒச்சம்மா அவள் முழங்கையை விடவில்லை. ஊதல் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"ஹார்பர் பக்கம் நிக்கிறாரு. கப்பல் ஏறப் போறாரான்னு சொல்லல."

தமிழரசி உறையைப் பிரித்தாள். அன்பழகனின் ஹால் டிக்கெட்டை எடுத்து மாமியாரின் கையில் வைத்தாள். வியர்வையில் ஓரம் நமத்துப் போயிருந்தது, சீல் அழியவில்லை.

"சுதா மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஹார்பர்ல பாக்கச் சொல்லுங்க. இதை நீங்களே வச்சிருங்க. காலையில ஹால் வாசல்ல நான் உள்ள போனதுக்கு அப்புறமும் நில்லுங்க. வந்தார்னா கையில குடுங்க."

"வரலேன்னா?"

"நான் உள்ள எழுதிக்கிட்டு இருப்பேன் அத்தை."

ஒச்சம்மா காகிதத்தையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மகனின் போட்டோ மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள். "நீ இப்ப எங்கடி போற?"

தமிழரசி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பத்துபஸ்தி போகும் பஸ் எது என்று பார்த்தாள்.

"சுதா வீட்டுக்குத்தான். பரீட்சை எழுதுற ஆளுக்குப் பொங்கிப் போடத்தானே வந்தீங்க? காலையிலேர்ந்து எனக்கு வயித்துல ஒண்ணுமில்ல. நடங்க."